கல்லு வச்ச பழம்

“இந்த ரெண்டு பிள்ளைங்களையும் எப்படித்தான் சேர்த்து வைக்கிறது டீச்சர்? என்னால முடியல” என்றார் அற்புதராஜ்.

உயர்நிலைப் பள்ளியில் இருபத்தேழு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஏழு வயதுப் பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்று கற்றுக்கொள்வதற்காக, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான நிறைமதி டீச்சர் நடத்தும் சின்னப் பள்ளிக்கு இந்த ஆண்டுதான் வந்திருந்தார்.

நிறைமதி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணுனீங்க?”

“சப்ரினும் தேன்மலரும் ஒம்பது நாளா காய். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் வகுப்புக்கு முன்னால நிக்க வச்சேன். நானே விரலைப் பிடிச்சுப் பழம் விட வச்சேன். சாரி சொல்ல வச்சேன். பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க.”

அந்த ஊர்ப் பிள்ளைகளிடையே சுண்டுவிரலை நீட்டினால் காய். அதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினால் பழம், மறுபடி சிநேகம்.

“அப்புறம்?”

“அன்னையிலேருந்து தேன்மலர் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன்னு அழுவுது. தினமும் இழுத்துட்டு வந்து விடுறாங்க. நாளைக்கு மத்தியானம் அவங்க அம்மா டி.சி. வாங்க வர்றாங்க.”

நிறைமதி பென்சிலைக் கீழே வைத்தார். சுண்டுவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“காய்.”

அற்புதராஜ் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

அன்று காலை முதல் பாடவேளையில் நிறைமதி இரண்டாம் வகுப்புக்கு வந்தார். முன்வரிசைச் சிறுமியிடம், “சார்கிட்ட வருகைப் பதிவேட்டை வாங்கிட்டு வாம்மா” என்றார். சார் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார்.

“இந்தாங்க டீச்சர்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சிறுமி வாங்கிக் கொடுத்த பிறகே டீச்சர் பெற்றுக்கொண்டார்.

தேநீர் வேளையிலும் அப்படியே. “சாருக்குச் சர்க்கரை வேணுமான்னு கேளுங்க” என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன தப்புச் செய்தோம்? நேற்று ஏதாவது உளறிவிட்டோமா? யோசித்துக்கொண்டே, நாற்பத்திரண்டில் பதினேழு போக முப்பத்தைந்து என்று கரும்பலகையில் எழுதினார். வகுப்பே சிரித்துக் கத்தியது.

சாப்பாட்டு இடைவேளையில் அவரால் பொறுக்க முடியவில்லை.

“சாரி டீச்சர்.”

டீச்சர் தலையசைத்தார்.

“பழம் விட்டுருங்க.”

உடனே இரண்டு விரல்கள் நீண்டன. டீச்சரின் கண்கள் பென்சிலைவிட்டு நகரவில்லை. ஒரு வார்த்தையும் வரவில்லை.

அற்புதராஜ் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

இரண்டு படி கீழே சப்ரின் வந்து உட்கார்ந்தாள்.

“சார், டீச்சர் உங்ககூட காயா?”

“பழம் விட்டாச்சும்மா.”

“உங்க மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியலையே.”

அவர் டப்பாவை மடியில் திருப்பி வைத்தார்.

“அது கல்லு வச்ச பழம் சார்” என்றாள் சப்ரின். அவள் அப்பா மாங்காய் மண்டி வைத்திருப்பவர். “எங்க அத்தா அத வாங்கவே மாட்டாரு. கார்பைடு கல்ல வச்சு அவசரமா பழுக்க வைப்பாங்க. மேல மஞ்சளா இருக்கும். கடிச்சா புளிக்கும். திங்கக்கிழமை நீங்க எங்களுக்கு வச்சீங்கல்ல, அதே மாதிரி.”

அற்புதராஜ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா ஆச்சு?”

கேட்ட பிறகுதான், இதை இதுவரை கேட்டதே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

“எனக்கு இன்னும் எங்கம்மாதான் சோறு ஊட்டி விடுவாங்க. அத அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. இப்ப எல்லாரும் பாப்பா, பாப்பாங்கிறாங்க.”

“வலிச்சுதா?”

“ம். இங்க.” தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்கும் காலையிலேருந்து அங்கதான்.”

தூணுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தேன்மலர்.

“எங்கம்மா ஆறு மணிக்கே மில்லுக்குப் போயிடும்” என்றாள் அவள், தூணைப் பார்த்தபடியே. “எனக்கு யாரும் ஊட்டுறதில்ல. அதான் சொல்லிட்டேன்.”

அற்புதராஜின் கைகள் தாமாக எழுந்தன. இருவர் விரல்களையும் பிடிக்கப் போனவர், சட்டென்று கைகளைத் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மணி அடித்தது. அவர் எழவில்லை.

“நான் ஒண்ணும் பாப்பா இல்ல” என்றாள் சப்ரின்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொன்னியா?”

“தப்புதான்.”

ஓர் எறும்பு ஒரு படியை முழுக்கக் கடந்து போனது.

“நாளைக்கு வருவியா?”

“அம்மா டி.சி. வாங்கப் போகுது.”

“எப்ப?”

“மத்தியானம்.”

“அப்ப சாப்பாட்டு நேரம் இருக்குல்ல?”

யார் விரலும் நீளவில்லை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வகுப்புக்குள் போனார்கள்.

சாயங்காலம் அற்புதராஜ் நிறைமதியின் மேசை முன் போய் நின்றார். இந்த முறை சாரி சொல்லவில்லை.

“நீங்க பேசாம இருந்தது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு டீச்சர். என்ன தப்புன்னே தெரியாம நாள் பூராத் தவிச்சுப் போயிட்டேன்.”

நிறைமதி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எனக்கும்தான் கஷ்டம், உட்காருங்க சார். முப்பத்தஞ்சுன்னு எழுதினீங்களாமே! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து தொண்டையில் நின்றது அந்தச் சிரிப்போடு இறங்கிப் போனது.

மறுநாள் மதியம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சப்ரின் தக்காளிச் சோற்றை உருட்டினாள். தேன்மலர் வாயைத் திறந்தாள்.

“ஐயே, தேன்மலரும் பாப்பா!” என்றான் எதிரில் இருந்த பையன்.

“ஆமா, அதுக்கு என்ன இப்ப? உனக்கும் வேணுமா?” என்றாள் சப்ரின்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனும் வாயைத் திறந்தான்.

மடித்த விண்ணப்பத்தோடு வாசலில் வந்து நின்றார் தேன்மலரின் அம்மா. எழுந்து போய்ப் பேச வேண்டும் போலிருந்தது அற்புதராஜுக்கு. ஆனாலும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“தேனு, கிளம்பலாமா?”

தேன்மலரின் வாய் நிறையச் சோறு. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். இல்லை என்று.

அம்மாவுக்குப் புரியவில்லை. “என்னடி, பதில் சொல்லேன்.”

“அவ முழுங்கிட்டுப் பேசுவா அத்தை” என்றாள் சப்ரின், அடுத்த உருண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு. “நாளைக்கு அவ எனக்கு ஊட்டணும். முறை வச்சிருக்கோம்.”