டம்ளருக்குள்ள என்ன இருக்கு?

அந்தப் பால்வாடிக்கு ஆயாவா புதுசா வந்தவங்க மரகதம். வயசு அம்பதுக்கு மேல. டீச்சர் நிலோஃபருக்கு முப்பதுகூட ஆகல. ஆனாலும் மரகதம் வெக்கப்படாம பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு எல்லா வெளையாட்டையும் கத்துக்கிட்டாங்க.

மொத வெளையாட்டு இதுதான். புளியங்கொட்டைய டம்ளரால மூடணும். "காணோம்... காணோம்..." அப்புறம் தூக்கணும். "இந்தா!"

"இதுலயா டீச்சர் அறிவு வளருது?"

"கண்ணுக்குத் தெரியாட்டியும் பொருள் இருக்குன்னு புள்ளைக்குப் புரியும்க்கா."

அவ்ளோதான், மரகதத்தைக் கையில புடிக்க முடியல. மூணு வயசு குயிலிதான் கூட்டாளி. ரெண்டு பேரும் "இந்தா!"ன்னு கத்துனா தெருவே திரும்பிப் பாக்கும்.

"புள்ளைய விட நீங்கதான்கா அதிகமா கத்துறீங்க"ன்னு டீச்சர் சிரிப்பாங்க.

ஐப்பசி மழையில குயிலியோட அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுல ஏறும்போது, "போயிட்டு வரேன்டி தங்கம்"னு சொன்னாங்க.

வரல.

வீட்டுல எல்லாரும் ஒரே பேச்சு: "அம்மா ஊருக்குப் போயிருக்கா. வந்துருவா."

குயிலி திரும்ப பால்வாடிக்கு வந்துச்சு. அழல. பானை மூடியத் தூக்கிப் பாத்துச்சு. சாக்கைத் தூக்கிப் பாத்துச்சு. மரகதத்தோட முந்தானையத் தூக்கி, "காணோம்... காணோம்..."

சோறு எறங்கல. குடுத்த அவிச்ச முட்டைய டம்ளருக்கு அடியில வெச்சு மூடிச்சு.

"அம்மாக்கு."

மரகதம் டீச்சர்கிட்ட ஓடுனாங்க. "நான்தானே சொல்லிக் குடுத்தேன், மூடுனதெல்லாம் திரும்ப வரும்னு. இந்த வெளையாட்ட விட்றட்டுமா டீச்சர்?"

டீச்சர் சோப்புத் தண்ணி கரைச்சாங்க. பப்பாளித் தண்டால ஊதுனாங்க.

ஒரு சோப்பு முட்டை பறந்து வந்து ஈரத் தரையில உக்காந்துச்சு. குயிலி சட்டுனு இன்னொரு டம்ளரால மூடிச்சு.

"காணோம்... காணோம்..."

தூக்குச்சு. ஒண்ணுமில்ல. மறுபடி மூடித் தூக்குச்சு. ஒண்ணுமில்ல. மரகதத்தைப் பாத்துச்சு.

"வந்துரும்டி செல்ல..."

டீச்சர் மரகதத்தோட கையப் புடிச்சாங்க. தரையில குயிலி பக்கத்துல உக்காந்தாங்க.

"போயிடுச்சு குயிலி."

"ஊருக்கா?"

"இல்ல. ஒடஞ்சு போயிடுச்சு. இனிமே வராது."

குயிலி ஈரத் தரைய வெரலால தொட்டுப் பாத்துச்சு.

"அம்மா?"

"அம்மா செத்துப் போயிட்டாங்க. அம்மாவும் வர மாட்டாங்க."

அப்பதான் அழுதுச்சு. மரகதம் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. அவங்களும் அழுதாங்க. வெளிய மழை விடவேயில்ல.

சாயங்காலம் விக்கிக்கிட்டே எந்திரிச்ச குயிலி, அம்மாவுக்கு மூடி வெச்ச டம்ளரத் தூக்குச்சு. முட்டைய எடுத்துச்சு. அதுவே தின்னுச்சு.

அப்பா வந்து தோள்ல தூக்கிக்கிட்டார். குயிலி மரகதத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மரகதமும் வீட்டுக்குக் கெளம்ப, வழக்கமா சொல்றதச் சொல்ல வாயத் தொறந்தாங்க. "போயிட்டு..." குயிலியும் அப்பாவும் போனதும் டீச்சர் பக்கம் திரும்புனாங்க.

"எந்த வாயால டீச்சர் இனிமே போயிட்டு வரேன்னு சொல்லுவேன்?"

டீச்சர் டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சாங்க.

"சொல்லுங்கக்கா. காலையில குயிலி இந்த டம்ளரத் தூக்குறதுக்கு முன்னாடி வந்து நில்லுங்க."