இரண்டு பாத்தித் தட்டைப்பயறு

"அம்மா, இந்த ஏக்கத்தை எங்கிட்ட இருந்து புடுங்கி எறிஞ்சிருங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாமுங்க."

வந்த அன்றைக்கே நாச்சிமுத்து இதைத்தான் கேட்டார்.

செம்மண் மேட்டு மடத்தின் குரு செங்கமலத்தம்மாள். நாச்சிமுத்துவின் மகள் வயதுதான் இருக்கும். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு மேலங்க ஏக்கம்?"

"எம் பொண்ணு மரகதம் மேல. வெள்ளகோவில்ல கட்டிக் குடுத்திருக்குதுங்க. இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லிப் போட்டா."

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அதுதான் தெரியலைங்க. நான் என்ன குறை வெச்சேன்? அரிசி, நெய், வெல்லம், தேங்காய்னு மூட்டை மூட்டையாக் கொண்டுபோய் எறக்குவேன்."

"எறக்கிப் போட்டு?"

"அப்படியே திரும்பிருவேன். பொண்ணைக் குடுத்த வீட்டுல கை நனைக்கறது எங்க வழக்கம் இல்லீங்க. பச்சைத் தண்ணிகூட வேண்டாம்னுருவேன்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ ஆத்தா போய்ச் சேர்ந்தப்ப, 'எங்கூட வந்துருங்கப்பா, நான் ஆக்கிப் போடறேன்'னு அழுதாளுங்க. உங்கிட்டக் கையேந்தற நெலமை எனக்கு வரலைன்னுட்டேன். அடுத்த தடவை மூட்டையோட போனா, வாசல்லயே நிறுத்திட்டா. இப்பச் சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது. அவ சத்தம் காதுக்குள்ளயே கேக்குது. என்னால முடியலைங்கம்மா."

செங்கமலத்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். நல்ல பயறாகப் பார்த்துக் கொஞ்சம் அள்ளினார்.

"வாங்க, விதைக்கலாம்."

அவ்வளவுதான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் அந்தம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. மடத்தில் எங்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. நாச்சிமுத்துதான் பாவம், திருதிருவென்று விழித்தார்.

ஆறின வடிகஞ்சியில் ஒரு பிடி மண்ணைக் குழைத்தார் அம்மா. போன தடவை பயறு விளைந்த காட்டு மண். அதில் விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தினார்.

"மண்ணு எதுக்குங்க?"

"அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்குது."

மடைப்பள்ளிக்குப் பின்னால் இரண்டு பாத்தி. ஒரே மண், ஒரே விதை.

"அது உங்க பாத்தி. உங்க இஷ்டம் போலப் பாத்துக்குங்க. இதுக்கு நான் தண்ணி மட்டும் விடுவேன்."

நாச்சிமுத்து சும்மா இருக்கிற ஆளா? மடத்துச் சோற்றைக்கூடச் சும்மா சாப்பிடமாட்டார். ஒரு கட்டு விறகாவது பிளந்து போட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. தன் பாத்திக்குக் குப்பை எரு கொட்டினார். போதாதென்று கடைக்குப் போய் யூரியா வாங்கிவந்தார். வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் செடி கருகருவென்று கிளம்பியது. அம்மாவின் பாத்தி வெளிறி நின்றது.

பொறுக்கவில்லை அவருக்கு. ஒருநாள் காலையில் கை நிறைய யூரியாவோடு அம்மாவின் பாத்திக்குள் இறங்கிவிட்டார். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடுத்துப் போடாதீங்க!"

"பாருங்கம்மா, எப்படி ஏங்கிப் போய் நிக்குது. பாக்கவே நெஞ்சை அடைக்குது."

"ஏங்கட்டும்."

"உங்களுக்கு மனசே இல்லீங்களா?"

"அது கூப்பிட்டுக்கிட்டு இருக்குதுங்க."

"யாரை?"

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாளில் வெளிறிய செடி தானாகப் பச்சை கட்டியது. யாரும் எதுவும் போடவில்லை. நாச்சிமுத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். யாரோ திருட்டுத்தனமாக உரம் வைத்துவிட்டதாக மடைப்பள்ளி ஆட்களிடம் சண்டைக்கே போனார்.

பூ விட்ட சமயத்தில் அம்மா களைக்கொத்தோடு வந்தார். இரண்டு பாத்தியிலும் ஒவ்வொரு செடியை வேர் அறாமல் தோண்டி, தண்ணீரில் அலசி, நாச்சிமுத்து முன்னால் வைத்தார்.

அம்மாவின் செடி வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. ஒன்றைக் கிள்ளிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

"இந்த வீட்டுக்குள்ளதான் அந்த உசுரு குடியிருக்குது. காத்துல இருக்கற தழைச்சத்தைப் புடிச்சுச் செடிக்கு ஆக்கிப் போடும். செடி அதுக்குச் சர்க்கரை ஊட்டும்."

நாச்சிமுத்து தன் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளமான, சுத்தமான, மொட்டை வேர். ஒரு முடிச்சுகூட இல்லை.

"எம் பாத்தியில அந்த உசுரு இல்லீங்களா?"

"ஏன் இல்லாம? ஒரே மண்ணுதானுங்களே. உங்க வேருக்குப் பக்கத்துலயேதான் காத்துக் கெடந்துச்சு."

"அப்பறம் ஏன் வரலை?"

"கூப்பிடாத வீட்டுக்கு யாரு வருவா? சத்து இல்லாத செடி வேருல ஒரு சாறு விடும். அந்த வாசனையைப் புடிச்சுக்கிட்டுத்தான் அது வரும்."

"எஞ்செடி ஏன் கூப்பிடலை?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

நாச்சிமுத்து அந்த மொட்டை வேரை வைத்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. தேம்பிக்கொண்டிருந்தார்.

பிறகு விறுக்கென்று எழுந்தார். மடைப்பள்ளிக்குள் போய் ஒரு சாக்கை எடுத்துவந்து, காய்ந்த தேங்காய்களை அள்ளிப் போட்டுத் தோளில் ஏற்றினார். பழக்கம், என்ன செய்வது!

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் தோளிலிருந்து சாக்கை இறக்கி வைத்தார்.

"வெறுங்கையோடயா போறது?" என்றார் நாச்சிமுத்து. பயந்துபோன குரல்.

அம்மா வழிவிட்டு நின்றார்.

வெள்ளகோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உச்சிப்பொழுது. மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மரகதம் வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பின்னால் வண்டி ஏதும் நிற்கிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு வந்தீங்க? என்ன கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டாரலை." வெறுங்கையை விரித்துக் காட்டினார். "பசிக்குது அம்முணி. ஒரு வாய் சோறு போடறயா?"

மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"வெறும் ரசந்தாம்ப்பா இருக்குது. கால் கழுவிட்டு வாங்க."