மேல் அம்புக்குறி

"உங்க பெட்டகம் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கு, டீச்சர்" என்றார் சங்கரசுப்பு.

பெனீட்டா டீச்சர் நிமிரவில்லை. வயதில் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனால் கணினி வேலையில் அவள்தான் குரு. ஐம்பது வயதுக்குமேல் வந்து சேர்ந்த சிஷ்யர் அவர்.

"என்ன குறை, சார்?"

"பாஸ்வேர்டு கேட்குது. அடிச்சா திரையிலே ஒரு புள்ளிகூட விழமாட்டேங்குது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு நினைக்கிறாங்க லூர்தம்மா. தப்பு தப்பா அடிச்சு அழுதே போட்டாங்க, பாவம்."

அது பொய்யில்லை.

புருஷனின் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்களுக்காக இல்லம் நடத்துகிறவள் லூர்தம்மா. எந்தப் பெண் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறாள் என்பதெல்லாம் பூட்டிய கோப்புகளாக அந்தப் பெட்டகத்துக்குள் இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் திறக்க வேண்டும். அது டீச்சர் எழுதிய கருவி.

போன மாதம் ஒருவன் பெண்டாட்டியைத் தேடி இல்லத்துக்குள் புகுந்துவிட்டான். கணினி முன்னால் உட்கார்ந்து தட்டு தட்டென்று தட்டினான். பெட்டகம் பாஸ்வேர்டு கேட்டது. காறித் துப்பிவிட்டுப் போனான்.

"நான் மாத்தி எழுதட்டுமா, டீச்சர்?"

"எழுதுங்க."

மனுஷர் சோறு தண்ணி மறந்து எழுதினார். இனி ஒரே வரி. கட்டளையை அடித்து, பக்கத்திலேயே பாஸ்வேர்டையும் அடித்து, எண்டரைத் தட்டினால் போதும். அடிப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெட்டகம் திறந்ததும் திரை தானே துடைத்துக்கொள்ளும்.

இரண்டு பேரும் இல்லத்துக்குப் போனார்கள். மேஜைக்கு மேலே சுவரில் லூர்தம்மாவின் தங்கை புஷ்பத்தின் படம். புருஷன் வீட்டில் அடிபட்டே செத்தவள். அவளுக்காகத்தான் இந்த இல்லமே.

லூர்தம்மா உட்கார்ந்து அடித்தாள். சங்கரசுப்பு திரையைப் பார்க்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை வராதா என்று டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டகம் திறந்தது. திரை பளிச்சென்று துடைத்துக்கொண்டது.

"நல்லா இருப்பீங்க சார்!" லூர்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டகத்தை மூடிவிட்டு டீ போட உள்ளே ஓடினாள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், மேல் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்துங்க."

அவர் தினமும் அழுத்துகிற பொத்தான்தான். கடைசியாக அடித்த வரியைத் திரும்பக் கொண்டுவரும்.

அழுத்தினார்.

வந்தது. கட்டளையும் அதன் பக்கத்திலேயே பாஸ்வேர்டும்:

உன்னை அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும் புஷ்பம்.

கண்ணை மூடுவதற்குள் படித்துவிட்டார்.

"ஐயோ... அவன் மறுபடி வந்து இதை அழுத்தியிருந்தா?"

டீச்சர் திரும்பவில்லை.

"படிச்சிட்டீங்களா, சார்?"

"படிச்சிட்டேன்."

"எனக்குச் சொல்லாதீங்க."

லூர்தம்மா டீயோடு வந்தாள். "என்ன சார், முகமே செத்துப்போச்சு?"

"மன்னிச்சிருங்கம்மா. பாஸ்வேர்டை மாத்தணும். நான் படிச்சிட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "முழுசாவா?"

"முழுசா."

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் அவள் சொல்லாதது அது.

சங்கரசுப்பு அந்த வரியை அழித்தார். தான் எழுதிய கருவியையும் அழித்தார். டீச்சரின் பழைய கருவியை எடுத்து வைத்து, புதுப் பாஸ்வேர்டு கேட்கிற இடம்வரை கொண்டுவந்தார். நாற்காலியை லூர்தம்மாவுக்கு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய், டீச்சருக்குப் பக்கத்தில் தானும் முதுகைக் காட்டி நின்றார்.

பின்னால் பொத்தான்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது.

"அடிக்கிறது ஒண்ணுமே தெரியலையே சார்" என்றாள் லூர்தம்மா.

"சும்மா அடிங்கம்மா" என்றார் அவர், திரும்பாமல். "அதுக்குக் காது உண்டு."