பிறந்து மூன்று நாளான பைக்

மேல ஊத்தாங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது வெறும் பொறாமை. அவர்களிடம் புத்தி நிறையவே இருக்கிறது. எடுத்துச் செலவழிக்காததால் வாங்கினபடியே இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கும் தவசிலிங்கம் பைக் வாங்கிய சங்கதியைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

தவசிலிங்கத்துக்கு பைக் ஆசை வந்ததற்குக் காரணம் அவர் பெண்டாட்டி உலகம்மாளின் அண்ணன் வெள்ளைப்பாண்டி. பாறைப்பட்டியில் பெரிய கை. போன தை மாதம் அவர் வீட்டு விசேஷத்தில் தவசிலிங்கம் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்காகக் காத்திருந்தபோது, வெள்ளைப்பாண்டி வந்து நின்று, "மாப்ளே, பாயசத்துக்கு நிக்காதீய. ஒரு மணி பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. தவசிலிங்கம் இலையை மூடிவிட்டு எழுந்தார். ரொம்ப வலித்தது. அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போனால் சொந்த வண்டியோடுதான் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் யோசனை கேட்டார். அவளைப் போல ஒத்தாசையான பெண்டாட்டி ஊரில் கிடையாது. "நீங்க என்ன சொல்லுதியளோ அதுதான் எனக்கும்" என்றாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நீ சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது என்றார். இப்படி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நாலு மாதம் மரியாதையாகக் கழிந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக் குத்தாலம்தான் வழி சொன்னான். அவன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சொல்லிவிட வேண்டியது. எண்ணினான். இரண்டு பேரும் "வாங்கிருவோம்" என்றார்கள். உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டவுனில் பைக் கடைக்காரர் நல்ல மனிதர். "நீங்களும் பின்னாடி உக்காந்து பாருங்கம்மா" என்று உலகம்மாளிடம் சொல்லிவிட்டுத் தவசிலிங்கத்தைக் கையெழுத்துப் போட உள்ளே கூட்டிப் போனார். அரைமணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தபோது, ஸ்டாண்டு போட்ட வண்டியின் பின் சீட்டில் உலகம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறது என்று தவசிலிங்கம் கேட்டார். "குலுக்கலே இல்லங்க. நீங்க அருமையா ஓட்டுதிய" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல நேரம் பார்த்து, கடை மெக்கானிக் கறுப்பு வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். வெள்ளிக்கிழமை வெள்ளைப்பாண்டி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார். பாறைப்பட்டி பன்னிரண்டு கிலோமீட்டர். எல்லாம் கணக்காக அமைந்திருந்தது. மெக்கானிக் சாவியைக் கையில் கொடுத்து, கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"அண்ணாச்சி, புது வண்டி. முதல் ஒரு மாசம் கைக்குழந்தை மாதிரிப் பாத்துக்கோங்க."

அவன் போய்விட்டான். வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தை அவனோடேயே போயிருக்கும். தவசிலிங்கம் சாவியைச் சுழற்றிக்கொண்டு, ஊரை ஒரு சுற்று சுற்றி வருகிறேன் என்றார். உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மூன்று பிள்ளை பெற்று வளர்த்து மூன்றையும் கட்டிக் கொடுத்தவள்.

"பொறந்த அன்னைக்கேவா?" என்றாள்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாவியை மடியில் சொருகிக்கொண்டார். வண்டியை உள் அறைக்குக் கொண்டுபோய், காற்றுப் படாமல் ஜன்னலைச் சாத்தினார்கள். கண்ணேறு படாமல் முன் விளக்கில் மை வைத்தார்கள். காதில் குளிர் ஏறாமல் இருக்க, இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் கம்பளிக் குல்லாய் மாட்டினார்கள். குத்தாலம் சீனித் தண்ணீர் கொண்டுவந்து விளக்கில் ஒரு சொட்டு தொட்டு வைத்தான். எறும்பு வந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றி ஊதினார்கள்.

சாயங்காலம் குத்தாலத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிள்ளை வந்ததிலிருந்து அழவே இல்லையே என்றான். அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்று தவசிலிங்கம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. முதுகில் தட்டினார்கள், புரட்டினார்கள், அங்கே இங்கே அமுக்கினார்கள். குத்தாலத்தின் முழங்கை எங்கேயோ பட்டு ஹாரன் அலறியது. அந்தச் சத்தம் கேட்டு உலகம்மாள் கும்பிட்டாள். ஆனால் முழங்கையை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அரைமணி நேரம் தாலாட்டினார்கள். அதற்குள் குத்தாலத்துக்குக் கை மரத்துப்போய்த் தானாக நழுவியது. தாலாட்டுக்குப் பிள்ளை அடங்கிவிட்டதாக எல்லோருக்கும் சந்தோஷம்.

பெட்ரோலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஏப்பம் வரும்வரை டேங்கைத் தட்டிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்ட உலகம்மாள் நெருப்போடு வந்தபோது, "இப்பத்தான் குடிச்சிருக்கு மதினி, வயித்தைப் புரட்டும்" என்று குத்தாலம் தடுத்தான். இந்தக் கதை மேற்கொண்டு நடந்ததற்கு அவன்தான் காரணம்.

வியாழக்கிழமை எண்ணெய்க் குளியல். கைப்பிடி முதல் டயர் வரை நல்லெண்ணெய் தேய்த்து நீவி விட்டார்கள். வண்டி ஸ்டாண்டோடு வழுக்கி, அறையைக் கடந்து, பட்டாசாலைக் கூடத்தைக் கடந்து, அடுப்படியில் போய்ப் படுத்துக்கொண்டது. தவசிலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. குத்தாலம் மட்டும் பூரித்துப்போய் நின்றான்.

"மூணாம் நாளே தவழுது அண்ணாச்சி" என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தவசிலிங்கம் வெள்ளை வேட்டி கட்டி, மடியில் சாவியோடு, வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று நாளில் அவர் அதன்மேல் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இதில் ஏறி, உலகம்மாளைப் பின்னால் வைத்துக்கொண்டு, வெள்ளைப்பாண்டி கண் முன்னால் போய் இறங்க வேண்டும் என்பதற்காகத்தானே வாங்கியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"கைக்குழந்தை மேலயா ஏறி உக்காரப் போறிய?" என்றாள் உலகம்மாள்.

அப்படியானால் உருட்டிக்கொண்டாவது போகலாமா என்றார். நடக்கிற வயசா அது என்று கேட்டுவிட்டாள். நேற்றுத் தவழ்ந்ததே என்று குத்தாலம் எடுத்துக் கொடுத்தான். அது தவழ்ந்தது இல்லை, வழுக்கியது என்று அவள் திருத்தினாள். பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வரலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. தவசிலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸுல போய் அந்த மனுசன் முன்னாடி எறங்குறதுக்கு நான் போகாமயே இருந்துருதேன்" என்றார்.

உலகம்மாளுக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். மேல ஊத்தாங்குளத்தில் ஒருத்தி யோசித்தால் அது வீண் போகாது.

"வண்டியில நாம போகணும்னுதான நெனைச்சிய. இந்த ஒரு தடவை வண்டியை நாம தூக்கிட்டுப் போவோம். பெத்தவங்க தூக்காம யாரு தூக்குவா?"

சரக்கு ஏற்றும் குட்டியானை வேன் ஒன்றைக் கூப்பிட்டார்கள். வந்த டிரைவர், வண்டி ரிப்பேரா என்று கேட்டார். பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது என்று குத்தாலம் விளக்கினான். டிரைவரும் அந்த ஊர்க்காரர்தான். அப்படியானால் மெல்லத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்னால் மெத்தை விரித்து பைக்கைப் படுக்க வைத்து, அதன் தலையை உலகம்மாள் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். கழுத்து நிற்காத வயசு என்பதால் ஹாண்டிலை வழி நெடுக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். தவசிலிங்கம் விசிறினார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

பாறைப்பட்டியில் பந்தல் நிறையக் கூட்டம். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியில் வாசலில் நின்ற வெள்ளைப்பாண்டி, குட்டியானையைப் பார்த்தார், அதில் படுத்திருந்த பைக்கைப் பார்த்தார், கூட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, புது வண்டியைப் பாடையில கொண்டு வாறீய?" என்றார்.

கூட்டம் சிரிக்க வாயைத் திறந்தது. தவசிலிங்கத்துக்குப் பூமி பிளந்தால் பைக்கோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அப்போதுதான் உலகம்மாள் குட்டியானையில் எழுந்து நின்றாள்.

"அண்ணே, நல்ல நாளும் பொழுதுமா அதென்ன பேச்சு? பொறந்து மூணு நாளுதான் ஆகுது. முதமுதலாத் தாய்மாமன் வீட்டுக்கு வந்திருக்கு. மடியில வாங்கு" என்றாள்.

வெள்ளைப்பாண்டியின் முகம் மாறிவிட்டது. என்ன இருந்தாலும் அவரும் உலகம்மாளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மூன்று நாள் பிள்ளையை இந்த வெயிலிலா தூக்கி வருவது என்று தவசிலிங்கத்தை ஒரு அதட்டல் போட்டார். கூட்டத்தில் திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. சொந்தபந்தம் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். தாய்மாமன் மடி தர மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு எந்த விசேஷத்தில் தலை காட்ட முடியும்? ஆரத்தி வந்தது. மணை போட்டார்கள். வெள்ளைப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்தார்.

ஆறு பேர் சேர்ந்து பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் கிடத்தினார்கள். வெள்ளைப்பாண்டி வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆசீர்வாதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பாசம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"நல்ல கனம்" என்றார் மெல்ல.

"இன்னும் தேறணும்ணே" என்றாள் உலகம்மாள்.

தவசிலிங்கம் முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார்ந்தார். அவசரமே படாமல், ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பஸ்ஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சாப்பாட்டின் ருசியை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, மணையைச் சுற்றிப் பெண்கள் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். படுக்க வைத்ததில் டேங்க் மூடி கசிந்து, வெள்ளைப்பாண்டியின் பட்டு வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. தாய்மாமன் மடியில் போனால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். உலகம்மாள் பையிலிருந்து மாற்றுத் துணி எடுத்து, பைக்கைப் பூப்போலத் துடைத்து, காய்ந்த துணி சுற்றினாள்.

தவசிலிங்கத்துக்கு மச்சானைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வேட்டியை மாற்றிக்கொள்ளட்டும், கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்கிறேன் என்று குனிந்தார். உலகம்மாள் டேங்கில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இப்பத்தான் கண்ணசந்திருக்கு. மடி சூட்டுல நல்லாத் தூங்குது. அசைஞ்சிராத அண்ணே" என்றாள்.

வெள்ளைப்பாண்டி மூச்சை மெல்ல விட்டார். பைக்குக்கு அடியிலிருந்து ஒரு கையை மட்டும் சிரமப்பட்டு உருவி எடுத்தார். பந்தல் மூலையைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, மேளக்காரரை நிறுத்தச் சொன்னார்.