மிட் குமிழ்

அந்தக் காலத்துத் திருவிழா மேடைகளில் ஞானதுரையின் மெல்லிசைக் குழுவுக்குத் தனி மவுசு. அவர் கிட்டார் மட்டும் யார் காதிலும் விழாது. வீட்டில் தனியே வாசிக்கத் தேனாக இருக்கிறதென்று, ஆம்ப்ளிஃபயரில் நடுத்தர ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். மேடையில் மற்ற வாத்தியங்களுக்குள் அது அமுங்கிப்போகும்.

“வீட்ல கேட்ட அதே சத்தம் இங்கயும் கேக்கணும். என் குமிழை ஒருத்தரும் தொடக்கூடாது!” என்று ஒருநாள் கீபோர்டு வாசிக்கும் ஜெயசீலியிடம் உறுமினார்.

“கேக்க வச்சிருவோம்ணே.”

பாட்டின் நடுவே அவள் கண்ணைக் காட்ட, எல்லா வாத்தியமும் நின்றது. கிட்டார் மட்டும் தேனாக ஒழுகியது.

“வீட்ல மாதிரியே இருக்காண்ணே?” என்று மைக்கிலேயே கேட்டாள். “நாங்க கிளம்பட்டுமா, மிட்டை ஏத்துறீங்களா?”

கூட்டம் சிரித்தது. அவர் கை குமிழுக்குப் போனது.

குழு கலைந்து எத்தனையோ வருஷமாச்சு. ஜெயசீலி பார்க்கப் போனபோது வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். மிட் ஏறியே இருந்தது.

“தனியாத்தானேண்ணே வாசிக்கிறீங்க, குறைச்சுக்கலாமே?”

“இருக்கட்டும்மா. நீங்கல்லாம் கூட வாசிக்க வந்துட்டா கேக்கணுமே.”