பவளப் பாறைக்கு வந்த புது முதலாளி

பவளப் பாறை ஒன்றின் அடியில் ஆறு குட்டி மீன்கள் சேர்ந்து ஒரு கடை நடத்தி வந்தன. விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பு, நடுவில் கறுப்புக் கோடு. பெரிய மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் பேன்களைப் பொறுக்கித் தின்பதுதான் தொழில். பெரிய பெரிய மீன்களெல்லாம் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டும். இவை உள்ளே புகுந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வரும். எந்த வாயும் இவற்றை விழுங்கியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடியது.

ஆறில் கோடன் ஒன்றுதான் ஆண். மற்ற ஐந்தும் பெண். அவற்றில் மூத்ததும் உருவில் பெரியதும் மைவரி. ஒரு நாள், வண்ண மீன் பிடிக்க வந்தவர்களின் வலையில் கோடன் சிக்கிக்கொண்டு போய்விட்டது.

"ஆம்பளை இல்லாத குடும்பமாயிட்டோமே! இனி குஞ்சு குட்டின்னு ஒண்ணும் கிடையாது" என்று தங்கைகள் அழுதன. மைவரியும் சேர்ந்து அழுதது.

மறுநாளே ஒரு புது மீன் வந்து நின்றது. அதே நீலம், அதே கறுப்புக் கோடு, அதே குலுக்கல் நடை.

"என் பேரு வடிவேந்தன். நான் ஆண். இனி கடையை நான் பார்த்துக்கறேன். பெரிய வாடிக்கையாளருங்க எல்லாம் என் பொறுப்பு. நீங்க பாறைக்குப் பின்னாலயே இருங்க."

தங்கைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வந்தவனுக்கு ஊர் எது, உறவு எது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

மைவரி கேட்டிருக்கும். ஆனால் அதற்கு வேறு கவலை. கோடன் போன நாளிலிருந்து அதன் உடம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை. மற்றவற்றின் வயிற்றில் முட்டை திரண்டது. அதன் வயிறு மட்டும் சுருங்கியது. எல்லையைச் சுற்றி வர வேண்டும், அந்நியரை விரட்ட வேண்டும் என்று ஒரே வேகம்.

வடிவேந்தன் இதைப் பார்த்துவிட்டது. "உனக்கு வந்திருக்கறது ஒட்டுவாரொட்டி நோய். தள்ளியே இரு" என்றது. மைவரியும் நம்பிப் போய்த் தனியே ஒதுங்கிக் கிடந்தது.

இரண்டு வாரத்தில் வரிசை தேய்ந்தது. வந்த மீன்கள் துடித்துக்கொண்டு ஓடின. கடைசியில் கிழக் களவா மீன் ஒன்று கர்ஜித்தது. "சுத்தம் பண்ண வாயைத் திறந்தா சதையைப் பிய்க்கறீங்களா? இனி எவன் என் வாய்க்குள்ள வந்தாலும் விழுங்கிடுவேன்!"

அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்த மைவரி களவாவின் கன்னத்தைப் பார்த்தது. வட்டமாக ஒரு துண்டு சதையைக் காணோம். பேன் பொறுக்கும் வாய் இப்படிக் கடிக்காதே! வடிவேந்தனின் முகத்தை அப்போதுதான் அது கிட்டப் போய்ப் பார்த்தது. வாய் முன்னால் இல்லை, முகத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. இவன் நம் சாதி மீனே இல்லை, நம்மைப் போலவே தோற்றம் காட்டிச் சதை கடிக்கிற வேறு சாதி!

அன்று கடல் ஏறிய நேரம் முட்டையிடும் வேளை. மைவரி எல்லார் முன்னாலும் கேட்டது:

"நீதான் ஆணாச்சே. தங்கச்சியோட மேலே நீந்திப் போ. அது முட்டை விடும்போது நீ விந்து விடணும். கோடன் அப்படித்தான் செய்வான்."

"இன்னிக்கு நீரோட்டம் சரியில்லை. நாளைக்குப் பார்க்கலாம்."

"நாளைக்கு முட்டை வீணாப் போயிடும். அப்ப நானே போறேன்."

எந்தத் துணிச்சலில் சொன்னது என்று அதற்கே தெரியாது. உடம்பு சொன்னது, வாய் பேசியது. தங்கை ஒன்றும் அதுவும் பக்கம் பக்கமாக மேலே பாய்ந்தன. தங்கை முட்டை விட்டது. அதே நொடி மைவரியிடமிருந்து வெண்மேகம் போல விந்து பரவியது.

விஷயம் இதுதான். மனிதருக்கு ஆணா பெண்ணா என்பது கருவிலேயே ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். இந்த மீன்கள் பெண்ணாக வளர்ந்தாலும், ஆணாகும் வழியும் அவற்றின் உடம்புக்குள்ளேயே காத்திருக்கும். கூட்டத்தின் ஆண் போய்விட்டால், இருக்கும் பெண்களில் பெரியது ஆணாக மாறும். கோடன் நெடுநாள் இருந்துவிட்டதால் இதை யாரும் கண்டதில்லை.

"எனக்கு நோயுமில்லை, நொடியுமில்லை" என்றது மைவரி. பிறகு வடிவேந்தனைத் துரத்திய துரத்தலில் அது பாறை தாண்டி, மணல்திட்டு தாண்டி ஓடியே போயிற்று.

"இனி உன்னை அக்கான்னு கூப்பிடறதா, அண்ணான்னு கூப்பிடறதா?" என்றது கடைக்குட்டி.

"எப்படி வேணா கூப்பிடு. முதல்ல எனக்கு ஒரு வேலை இருக்கு."

மைவரி நேரே களவாவிடம் போயிற்று.

"விழுங்குவேன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. கடிச்சவனை விரட்டியாச்சு. ஆனா அவனை உள்ளே விட்டது எங்க தப்பு. உங்க இடது செவுள்ல நாலு பேன் இருக்கு. எடுத்துடறேன், அப்புறம் விழுங்கறதுன்னா விழுங்குங்க."

 களவா மெல்ல வாயைத் திறந்தது. மைவரி உள்ளே போய், நான்கு பேனையும் தின்றுவிட்டு, செவுள் வழியாக வெளியே வந்தது. அந்த நேரத்தில் களவாவுக்குப் பின்னால் இன்னொரு மீன் வரிசையில் வந்து நின்றது.

தங்களிடம் உள்ள வலிமையை நோயென்று நம்பி ஒதுங்குகிறவர்கள், தங்கள் வீட்டை ஆளும் உரிமையை வஞ்சகன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.