கொக்கின் கால் வழக்கு

அந்தக் காலத்தில் கொக்குக்கும் நண்டுக்கும் மீனுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் வம்பும் இருக்கும்தானே, அதுவும் நிறையவே இருந்தது. அப்போது கொக்குகளும் நம்மைப் போலவே இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றன.

மேலக்கண்மாயில் செம்மூக்கன் என்று ஒரு கொக்கு. அவனுக்குத் தன் கால்களைப் பற்றி ரொம்பப் பெருமை. மீன் பிடிப்பதும் காலை வைத்துத்தான். தண்ணீரில் இறங்கி, இரண்டு காலையும் அகட்டி வைத்து, ஒரே தாளத்தில் கிடுகிடுவென்று நடுக்குவான். சேற்றில் பதுங்கிய மீன் மிரண்டு வெளியே வரும். லபக்கென்று ஒரே கொத்து. கொக்குக் குலத்துக்கே பரம்பரையாக வந்த வித்தை அது.

அந்த வருஷம் வித்தை பலிக்கவில்லை. நடுக்கினால் அலை போகிறதே தவிர, மீன் வருவதாக இல்லை. இப்படியே நாலு நாள் போயிற்று. கண்மாய்க் கரையோரக் கருவேல மரத்துக் கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி கிடந்தன. ஐந்தாம் நாள் காலையில் அவன் மனைவி தூவி சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இந்தச் சின்னவனைப் பாருங்க. கழுத்து நிக்கவே மாட்டேங்குது. பொழுது சாயறதுக்குள்ள ஆளுக்கொரு மீனாவது வந்தாகணும். வராட்டி நாளைக்குக் கூட்டுல மூணு பேரு இருக்க மாட்டாங்க."

செம்மூக்கன் நேரே தண்ணீருக்குப் பறந்தான்.

கரையில் நின்ற புங்கமரம் பூவைக் கொட்டித் தண்ணீரை மூடியிருந்தது. அவன் இறங்கிக் காலை நடுக்கினான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் அலையை உற்றுப் பார்த்தான். சில இடத்தில் பூக்கள் துள்ளிக் குதித்தன. சில இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அந்த அசையாத பூக்கள் அவன் காலடியிலிருந்து கோடு கிழித்த மாதிரி வரிவரியாக விரிந்து கிடந்தன.

"இவ்வளவு பாடுபட்டு நடுக்குறேன். அந்த வரியில போன அலை எங்க?" என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் வந்தது. குனிந்து கால்களைப் பார்த்தான்.

"அடப்பாவிகளா! ஒருத்தன் அனுப்புறதை இன்னொருத்தன் தின்னுட்டிருக்கீங்களா? வீட்டுல பச்சப்புள்ளைங்க பட்டினி கிடக்கு!"

கால்கள் ஒன்றும் பேசவில்லை. அதனால் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

கால் விவகாரம் என்றால் கண்மாயில் நாட்டாமை நண்டுதான். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, அத்தனையையும் சண்டை சச்சரவு இல்லாமல் கட்டி மேய்க்கிறவர். அவருக்கும் இதில் ஒரு குறை இருந்தது. கொக்கு நடுக்குகிற நடுக்கில் அவர் வளைக்குள் சேறு சரிந்து, ஐந்து நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை.

"நாட்டாமை, எந்தக் கால் திருட்டுக் காலுன்னு சொல்லுங்க. இன்னைக்கே தீர்ப்பு வேணும்."

"பொறுடா. விசாரிக்காம சொல்ல முடியுமா? இடது காலை மட்டும் நடுக்கு."

நடுக்கினான். வட்டம் வட்டமாக அலை கிளம்பி எல்லாப் பூவையும் ஆட்டியது. ஒரு பூகூடச் சும்மா இல்லை. வலது காலை மட்டும் நடுக்கச் சொன்னார். அப்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்து நடுக்கியதும் அசையாத வரிகள் திரும்ப வந்துவிட்டன.

"பாத்தியா? தனித்தனியா ரெண்டும் யோக்கியம்தான்" என்றார் நண்டு. "அந்த வரியில இருக்குற பூவை, ஒரு கால் அலை மேலே தூக்குற நேரத்துல இன்னொரு கால் அலை கீழே இறக்குது. பூ யாரு பேச்சைக் கேக்கும்? பேசாம உக்காந்துருது. பக்கத்துப் பூவை ரெண்டும் சேந்து தூக்குது. அது இரட்டைக் குதி குதிக்குது."

"அப்ப சண்டைதானே?"

"சண்டையே இல்லடா. இடதுல ஒரே ஒரு தட்டு, வலதுல ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பாரு."

தட்டினான். இரண்டு வட்டங்கள் விரிந்து வந்தன, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன, அந்தப் பக்கம் முழுசாக வெளியே வந்து தம் பாட்டுக்குக் கரையைப் பார்த்துப் போயின. வழியில் இருந்த பூக்கள் ஏறி இறங்கியதோடு சரி, இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஒண்ணை ஒண்ணு தின்னுருந்தா கரைக்கு எது போய்ச் சேரும்? சந்திக்கிற இடத்துலதான் கூடுறதும் குறையறதும். தாண்டிட்டா நீ யாரோ நான் யாரோ. உன் மீன் போன கதை வேற. வெள்ளத்தோட வந்தாளே, மீசைக்காரி கெளுத்தி, அவ எல்லா மீனுக்கும் சொல்லிக் குடுத்துட்டா. கீழருந்து அண்ணாந்து பாத்து, பூவு வரிவரியா நின்னா ரெண்டு கால்காரன் வந்துட்டான்னு ஓடிருதுங்க."

இவ்வளவையும் செம்மூக்கன் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஆக, ரெண்டும் கூட்டுக் களவாணிங்க."

நண்டுக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது, வளையில் சேறும் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி, பிடி தீர்ப்பை! ஒரு கால்தான் தண்ணில இருக்கணும். இன்னொண்ணை வயித்தோட மடக்கி வை. ஒண்ணை ஒண்ணு பாக்கவே கூடாது. போதுமா? ஆளை விடு!"

செம்மூக்கன் வலது காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகினான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான், மறுபக்கமாகச் சாய்ந்தான், சிறகை விரித்துச் சமாளித்து நின்றான். பசியில் அந்த ஒற்றைக் கால் தானாகவே வெடவெடத்தது. தண்ணீரில் ஒரு சுத்தமான வட்டம் கிளம்பியது.

கீழே மீசைக்காரி அண்ணாந்து பார்த்தாள். வரியைக் காணோம். கரையோரத்து அத்திமரத்திலிருந்து பழம் விழுந்தால்தான் இப்படி ஒற்றை வட்டம் வரும்.

"அடியே, அத்திப்பழம்டி! ஓடியாங்க!"

கூட்டமாக வந்தார்கள். மீசைக்காரிதான் முதலில் வந்தாள். செம்மூக்கன் குனிந்து மூன்று முறை கொத்தினான். பொழுது சாயச் சாயக் கூட்டுக்கு மூன்று நடை போனான். மூன்றாவது மீன் உள்ளே போனதும் சின்னவனின் கழுத்து நிமிர்ந்தது. அதைப் பார்த்துத் தூவி அழுதேவிட்டாள்.

"எப்படிங்க பிடிச்சீங்க?"

"அதுவா? காலுங்களுக்குள்ள ஒரு சதி. நான்தான் கண்டுபிடிச்சுப் பிரிச்சு வச்சேன்."

வளைக்குள் இது கேட்டதும் நாட்டாமை கொடுக்கால் தலையில் அடித்துக்கொள்ளப் போனார். தன் தலை எது என்று தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்டார்.

செம்மூக்கன் தன் பிள்ளைகளுக்கும், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் இந்த வழக்கைச் சொல்லி வைத்தார்கள். எப்போதாவது ஒரு கொக்குக்கு இரக்கம் வந்து, போனால் போகிறது என்று மறு காலையும் இறக்கிவிடும். உடனே மீன்கள் சிதறி ஓடும். "பாத்தியா, இன்னும் திருந்தல!" என்று அதை மறுபடி மடக்கிக்கொள்ளும்.

அன்று முதல்தான் கொக்கு ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றி, மறு காலை வயிற்றில் ஒளித்து வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொண்டு நிற்கிறது. பார்ப்பவர்கள் தவம் என்கிறார்கள், ஆனால் அது இன்னும் கால்களை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.